மாசியில் வந்த தந்தி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மனிதரின் சாவைத் தள்ளிப்போட்டேன். இரண்டரை வருஷம்.

பெருமையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்ததிலிருந்து எனக்கு ஒரு வியாதி — யார் எதைக் கேட்டாலும் 'நெட்ல பாத்துடலாம்' என்று சொல்லிவிடுவேன். ரயில் டிக்கெட், பிளஸ் டூ ரிசல்ட், பூனைக்கு வயிற்றுப்போக்கு... கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவுக்கு நான் சம்பளமில்லாத பிரவுசிங் சென்டர்.

எதிர்வீட்டு ராஜவேலு சாரும் அப்படித்தான் வந்தார். அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க, முதல்முறையாக விமானம் ஏறப் போகிறார்.

"எங்கப்பா பிரிட்டிஷ்காரன் பட்டாளத்துல சேர்ந்து மலேயா போனவரு சார். சிங்கப்பூரை ஜப்பான்காரன் புடிச்சப்ப போயிட்டாரு. நான் அப்ப கைக்குழந்தை. அங்க செத்தவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்காங்களாம். அப்பா பேரு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்களேன். இருந்தா ஒரு மாலை போட்டுட்டு வந்துடுவேன்."

மாலை போட ஒரு கல். அவ்வளவுதான் கேட்டார்.

கதையை அவர் சொல்லக் கேட்டேன். 1942 மாசியில் சேலையூர் வீட்டுக்குத் தந்தி வந்தது — ஆளைக் காணவில்லை என்று. ஆறு மாதம் காத்திருந்தார்கள். பிறகு ராஜவேலுவின் தாத்தா முனுசாமி ஒரு முடிவுக்கு வந்தார். போன ஊரே எதிரி கையில். அதில் காணாமல் போனவன் எங்கே திரும்பப் போகிறான்? கருமாதி செய்தார்கள். செத்த நாள் தெரியாததால், தந்தி வந்த நாளையே திதியாக வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் மாசியில் தெவசம்.

போர் முடிந்து பென்ஷன் வந்தது. கூடவே ஏதாவது காகிதமும் வந்திருக்கும். யார் பார்த்தார்கள்? ஏற்கெனவே செத்தவருக்கு எதற்கு இன்னொரு தேதி?

போரில் இறந்தவர்களின் பெயர்களைப் போட்டிருக்கும் ஒரு வெப்சைட்டில் தேடினேன். சிங்கப்பூரில் அவர் இல்லை. நியூ கினியாவில் இருந்தார்.

நியூ கினியாவா? உலக வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு மேலே தேடினால் கிடைக்கிற இடம். பிடிபட்ட நம் சிப்பாய்கள் பலரை ஜப்பானியர்கள் கப்பலில் ஏற்றி அங்கேயும் கொண்டுபோய் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

வேறு ஆளாக இருக்குமோ? இல்லை. 'முனுசாமியின் மகன், சேலையூர் அஞ்சலையின் கணவர்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. இறந்த தேதியும் இருந்தது. 1944 செப்டம்பர் கடைசி, நம் கணக்கில் புரட்டாசி.

பிரின்ட் எடுத்து, ஏதோ பரிசு கொடுப்பதுபோல நீட்டினேன். ராஜவேலு சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"அப்ப... அந்த மாசில அவரு சாகலையா சார்?"

"கைதியா இருந்திருக்கார்."

"எனக்கு மொட்டை போட்டு, என் கையிலதான் தர்ப்பையை மாட்டி கருமாதி பண்ணாங்களாம். அம்மா சொல்லும்." காகிதத்தை மடித்தார். "உயிரோட இருந்த மனுசனுக்கு நான் பிண்டம் வச்சிருக்கேன்."

எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்குப் பிரின்டரில் மிச்சமிருந்த காகிதத்தை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் அம்மா அஞ்சலைக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தக் கருமாதியில் தாலி இறக்கியவர். பதினெட்டு வயதிருக்குமா? கடல் கடந்து எங்கோ ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, இங்கே வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். இதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது?

"சொல்ல வேணாம் சார். இந்த வயசுல தாங்காது" என்றார் ராஜவேலு. நானும் தலையாட்டினேன்.

இரண்டே நாள். மறுபடி வந்தார். பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் இங்கிலீஷ் தேதியைக் கொடுத்துத் திதியை எழுதி வாங்கி வந்திருந்தார்.

"மனசு கேக்கல சார். அவருக்குன்னு ஒரு நாள் இருக்குது. அந்த நாள்ல இத்தினி வருசமா ஒரு வாய் சோறு வைக்க ஆளில்ல. தெரிஞ்சப்புறமும் மாசிலயே வச்சா நான் என்ன புள்ள?"

நாளை மாற்றினால் அம்மா கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். உண்மையைத் தெரிந்துகொள்வது எப்போதும் நல்லது என்று வாரா வாரம் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அதுதான் சௌகரியம்.

போன வாரம் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கட்டிலில் கால் நீட்டியிருந்தார்.

"இன்னாடா புதுசா, புரட்டாசில தெவசம்ன்றே? ஐயரு மாத்திச் சொன்னாரா?"

ராஜவேலு சார் என்னைப் பார்த்தார். வார்த்தையில் பிழைக்கிறவன் நான்தானே? சொன்னேன். தந்தி வந்தபோது அவர் பிடிபட்டிருந்தார், வேறு தீவுக்குக் கொண்டுபோனார்கள், இரண்டரை வருஷம் கழித்துத்தான்... கடைசி வார்த்தையை முழுங்கிவிட்டேன்.

அம்மா அழவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அதான் காக்கா வரல."

"எந்தக் காக்காம்மா?"

"மொத தெவசத்துக்கு எலைல சோறு வச்சிகினு வெயில்ல நின்னேன் தம்பி. கா கான்னு கத்தி தொண்டையே போச்சு. ஒரு காக்கா வந்து தொடலியே! எங்க மாமியாரு ஊரு பூரா சொல்லிச்சு, இவ ஆக்குன சோத்த என் புள்ள தொடமாட்டேன்றான், இன்னா கொற வச்சாளோன்னு. நான் இன்னா கொற வச்சேன்? வடை, பாயசம் எல்லாந்தான் வச்சேன்." மகன் பக்கம் திரும்பினார். "உசுரோட கீற மனுசன் காக்காவா எப்புட்றா வருவாரு?"

ஒரு பழி கழிந்த முகம். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். ராஜவேலு சார்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பொட்டை அழிச்சிட்டமேன்னு வருத்தமாம்மா?" என்றார் துண்டுக்குள்ளிருந்தே.

"அதெல்லாம் ஆறிப்போச்சுடா." பிறகு என்னைக் கேட்டார்: "நீ படிச்ச புள்ள, சொல்லு தம்பி. நாங்க இங்க காக்காவுக்குச் சோறு வச்சிகினு இருந்தோம். அங்க அந்த மனுசனுக்கு யாரு சோறு போட்டாங்க?"

நியூ கினியாவில் கைதிகள் எதைத் தின்று உயிரை வைத்திருந்தார்கள் என்று, அந்தப் பிரின்ட் எடுத்த இரவே உட்கார்ந்து படித்திருந்தேன். கிழங்கு, புல், இலை. அதுவும் கிடைத்த நாளில்.

"போட்டாங்கம்மா" என்றேன். "பட்டாளத்துல சோத்துக்கு மட்டும் கொறையே வைக்கமாட்டாங்க. கைதியா இருந்தாலும் வேளாவேளைக்கு உண்டு."

"அப்ப சரி" என்று படுத்துக்கொண்டார்.

ராஜவேலு சார் வாரா வாரம் இந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறாராம். இந்த வாரம் மட்டும் விட்டுவிடுங்கள், சார்.