மொரப்பூருக்கு நான் கொண்டுபோன ஷாம்பெய்ன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை சரோஜாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக மொரப்பூர் போனேன். தருமபுரி மாவட்டமே ஷாம்பெய்ன் காக்டெய்லைக் காணாமல் இருளில் கிடப்பதாகவும், விளக்கேற்ற வரலாறு என்னைத்தான் அனுப்பியதாகவும் நினைப்பு.

சென்னையில் காலை ஆறேகாலுக்கு ரயில், பத்தரைக்கு மொரப்பூர். டிக்கெட் நூற்று முப்பது. ஆயிரத்து இருநூறு ரூபாய் பாட்டிலைப் பச்சைக் குழந்தைபோல ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து வீடு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"மடியில என்னங்க, சாமி சிலையா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மெதுவாப் போங்க. வெடிச்சா அரூர் வரைக்கும் கேக்கும்."

"அப்ப நூத்தியம்பது குடுங்க!"

வீட்டில் சரோஜா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "நீங்க என்ன வேணா கலக்கிக்கங்கண்ணா. அவருக்கு மட்டும் வேணாம். முனியப்பன் கோயில்ல கயிறு கட்டிப் பதினோரு மாசம் ஆச்சுங்க."

குடியை விடுபவர்கள் முனியப்பன் முன் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை மாணிக்கம் ஒரு நாளும் தவறவில்லையாம். "அவருக்குப் பன்னீர் சோடாதான்" என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன் என்பதுதான் கொடுமை.

செய்முறை கேட்பவர்களுக்கு: பாட்டில் மூன்று மணி நேரம் குளிர வேண்டும். கோப்பையில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு மூன்று சொட்டு, ஒரு ஸ்பூன் பிராந்தி. கோப்பையைச் சாய்த்து ஷாம்பெய்னை மெல்ல ஊற்றினால் குமிழிகள் வரிசையாக ஏறும். எனக்கு அப்படி ஒன்று செய்தேன். மாப்பிள்ளைக்குச் சர்க்கரைக் கட்டி போட்ட பன்னீர் சோடா. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

அவர் பாதி குடித்திருப்பார். என் வாய் சும்மா இருக்குமா? "மாப்பிள்ளை, உள்ள போனது அசல் பிராந்திங்க! முனியப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்!"

அவர் சிரிக்கவில்லை. கயிற்றையே பார்த்தார்.

"அட, சும்மா சொன்னேங்க. சோடாதான்."

அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"சமாதானம் பண்ணாதீங்க மச்சான். போனது போச்சு."

கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். என் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பாட்டிலை எடுத்தார். பாயசத்தோடு வந்த சரோஜா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பாதி சோடா கோப்பையை அவளிடம் நீட்டி, மோந்து பார்க்கச் சொன்னேன். அவள் வாங்கவில்லை.

பதினோரு மாதமாக அவருக்குள் ஏதோ ஒன்று ஒரு சாக்குக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். அதை நான் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் விசேஷத்துக்குப் போகிறவர்களுக்கு: திரும்ப மாலை நாலரைக்கு ரயில் இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கும். பாட்டில் கொண்டுபோகாதீர்கள். மணிக்கட்டில் கயிறு கட்டியவரிடம் எந்த வேடிக்கையும் வேண்டாம்.

சரோஜா இன்னும் என் போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுக்கிறார், நாக்கு குழற, உற்சாகமாக.

"எப்பங்க மச்சான் அடுத்த பாட்டில்?"