எட்டுக் குட்டிகளுக்குப் பூ

எங்கள் வீட்டுத் தொழுவத்தில், கூரைச் சட்டத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக அதை யாரும் எடுத்ததில்லை. சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது நான் எடுத்தேன். உள்ளே ஒட்டடை, அதற்கடியில் பச்சையாக மின்னும் ஒரு படலம். பார்க்கிறவர்கள் அதைப் பச்சைச் சாயம் என்றே நினைப்பார்கள். அது பச்சை அல்ல. அந்த வகைச் சிவப்புச் சாயம் கெட்டியாகக் காய்ந்தால் வண்டின் முதுகைப் போலப் பச்சை காட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மறுபடியும் தன் நிறத்துக்கு வந்துவிடும். இதை எனக்குச் சொன்னவள் சித்தி. அந்தக் கொட்டாங்குச்சியை அங்கே செருகி வைத்தவளும் அவள்தான்.

சித்தி எங்கள் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு பாளையம்பட்டியிலிருந்து வந்தவள். நரிக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் அவளுக்கு எல்லா வகையிலும் புதிது. அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். பிறந்ததிலிருந்து நூலும் சாயமும் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆட்டின் மடியைத் தொடவே கூச்சம். தீவனக்கட்டைத் தலையில் ஏற்றினால் பாதி வழியில் சரிந்து விழும். கருவேல முள்ளை மிதித்து நொண்டிக்கொண்டு நிற்பாள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பெயர் வாங்கித் தருகிற வேலை எதுவும் அவளுக்கு வரவில்லை. அப்போது அப்பாவும் சித்தப்பாவும் வெளியூரில் வேலை பார்த்தார்கள். அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு பஸ்ஸில் போய்வந்தாள். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை, ஏழு வயதான நானும் நான்கு வயதான தம்பியும் சித்தியின் பொறுப்பு. அந்த ஒரு வேலை மட்டும் அவளுக்கு வந்தது. அது வந்தது என்பதை அவளும் அறிந்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. மற்ற நேரங்களில் தாழ்ந்தே ஒலிக்கும் அவள் குரல், எங்களைக் கூப்பிடும்போது மட்டும் தெருமுனை வரை கேட்கும்.

பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த பெட்டியில், பட்டறையில் மிஞ்சிய சாயப்பொடிப் பொட்டலங்கள் இருந்தன. சித்தப்பாவின் கிழிந்த வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி எங்களுக்குத் தருவாள். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து, வெட்டுப்பக்கத்தைச் சாயத்தில் தொட்டு அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ விழும். சப்பிக் காயவைத்த பனங்கொட்டையின் நாரைச் சீப்பால் வாரி, சாயத்தில் தோய்த்துக் குத்தினால் செவ்வந்தி போல ஒரு பெரிய பூ விழும். தம்பிக்குப் பனங்கொட்டைதான் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவான். சித்தி எங்கள் கையைப் பிடித்து வழிநடத்தியதில்லை. தானும் ஒரு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு, எங்களை மறந்து, தன் பூக்களை வரிசையாக வைத்துக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு விதியில் மட்டும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. எந்தத் துணியானாலும் முதலில் சோப்புப் போட்டு அலச வேண்டும். "அழுக்குல சாயம் ஏறாது. ஏறுனாலும் திட்டுத்திட்டா நிக்கும். எங்க அய்யா மொதல்ல நூலத்தான் குளிப்பாட்டுவாக" என்பாள். நூலைக் குளிப்பாட்டுவது என்ற பேச்சைக் கேட்டுத் தம்பி ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.

அந்த மாசி மாதம் அம்மா, தன் அண்ணனான மாமாவோடு சந்தைக்குப் போய் எட்டு ஆட்டுக்குட்டிகள் வாங்கி வந்தாள். மாமா வீடு எங்களுக்கு அடுத்த வீடு. எட்டும் பெட்டை, எட்டும் வெள்ளை, எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. ஆளுக்கு நான்கு என்று பேச்சு. அம்மா ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்து, காலைத் தடவி, ஓடவிட்டுப் பார்த்துத் தன் நான்கைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு அரை நாள் பிடித்தது. அந்த நான்கும் பெருகினால் ஆலை வேலையை விட்டு நின்றுவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆலையின் பஞ்சுத்தூசியால் அவளுக்கு இருமல் விடாமல் இருந்த காலம் அது.

புதிதாக வாங்கிய குட்டிக்கு, வீடு பழகும்வரை எங்கள் பக்கத்தில் காவியால் அடையாளம் வைப்பார்கள். எங்கள் வீட்டு அடையாளம் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். மாமா வீட்டுக்கு வால் மேட்டில் ஒரு பொட்டு. பழகிய ஆட்டுக்கு இது தேவையில்லை, அது தானாக வீடு வந்து சேரும். சந்தையிலிருந்து வந்து மூன்றே நாள் ஆன குட்டிக்கு அந்தக் காவி ஒன்றுதான் முகவரி. மாமா வீட்டுக் கொட்டிலில் கூரை மாற்றிக்கொண்டிருந்ததால் எட்டுக் குட்டிகளும் எங்கள் தொழுவத்திலேயே அடைந்து கிடந்தன. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடையாளம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு வயதில் எனக்கு அது நன்றாகத் தெரியும். பாளையம்பட்டிக்காரிக்குத் தெரியாது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசுவதைப் போல, ஆட்டுக்குட்டிக்கும் ஏதோ அழகுக்குப் பூசியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை. அம்மா ஆலைக்குப் போயிருந்தாள். வேட்டித் துண்டுகள் தீர்ந்துவிட்டன. கொட்டாங்குச்சி நிறையக் கரைத்த சாயம் மிச்சம் இருந்தது. நான் தொழுவத்தைப் பார்த்தேன். எட்டு வெள்ளை முதுகுகள்.

"குட்டிகளுக்குப் போடலாமா சித்தி?"

சித்தி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "போடலாமா? ஒங்க அம்மா ஏச மாட்டாகளா?"

"ஏச மாட்டாக."

இந்தப் பேச்சை நான் திருத்தாமல் எழுதுகிறேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன். சாயம் காவியை மறைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அடையாளத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் போடலாம் என்றும் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொன்னால், எதற்கு வம்பு என்று சித்தி மொத்தத்தையும் நிறுத்திவிடுவாள் என்ற பயத்தில் சொல்லவில்லை.

ஆனால் சித்தி, துணிக்குச் செய்வதையே குட்டிக்கும் செய்தாள். வாளியில் தண்ணீர் எடுத்து, துணி சோப்பைக் கரைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்துக் குளிப்பாட்டினாள். முதல் குட்டியின் கழுத்திலிருந்து காவி இளஞ்சிவப்பாக வழிந்து, முன்னங்கால் வழியாக இறங்கி, மண்ணில் கலந்தது. நான் வாளிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். "அழுக்கப் பாரு, செம்மண்ணா ஒழுகுது" என்றாள் சித்தி. நான் பேசவில்லை. இரண்டாவது குட்டி. மூன்றாவது. எட்டாவது வரை பேசவில்லை. முதல் குட்டியிலேயே காரியம் கெட்டுவிட்டது, இனிச் சொல்லி ஆவதென்ன என்று நினைத்தேனா, பூப் போட வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்ததா என்பதை என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெயிலில் உலர்ந்த குட்டிகளின் விலாவில் நான் வெண்டைக்காய்ப் பூ வைத்தேன். தம்பி முதுகில் பனங்கொட்டையால் குத்தினான். சித்தி கழுத்தைச் சுற்றி மாலை போலச் சிறு பூக்களை வரிசையாக வைத்தாள். அவ்வளவு அழகான ஆட்டுக்குட்டிகளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சாயங்காலம் மாமா தன் குட்டிகளை ஓட்டிப்போக வந்தார். தொழுவத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏத்தா பாளையம்பட்டித் தங்கச்சி, இது ஆடா, சேலையா?"

சித்தி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். மாமா ஒரு குட்டியைத் தூக்கி வால் மேட்டைப் பார்த்தார். அடுத்ததைத் தூக்கினார். நான்காவது குட்டியைப் பார்ப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. "இதுல எது எங்க வீட்டுது? மூணு நாளுல எனக்கு மூஞ்சி பழகுமா? ஏம்மா, அடையாளத்த அழிச்சிட்டு எந்த ஊருலயாச்சும் ஆடு வளப்பாகளா?" அடையாளம் என்ற சொல் அப்போதுதான் சித்தியின் காதில் விழுந்தது. அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தம்பியின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அம்மா, பையைக்கூடக் கீழே வைக்காமல் தொழுவத்தில் நின்றாள். மூன்று நாளும் ஆலைக்குப் போய்வந்தவளுக்கும் முகம் பழகியிருக்கவில்லை.

"யாரு செஞ்சது?"

"நாந்தான் அக்கா. தெரியாமச் செஞ்சிட்டேன்."

'இவதான் ஏச மாட்டாகன்னு சொன்னா' என்று சித்தி சொல்வாள் எனக் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டிருப்பாள்.

அண்ணன் தங்கைக்குள் சண்டை வரக்கூடாது என்று அம்மா, "அண்ணே, நீங்களே மொதல்ல நாலப் பிடிச்சுக்கிருங்க" என்றாள். மாமா மறுத்துப் பார்த்தார்; பிறகு பிடித்தார். அம்மா ஒரு குட்டியின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். அந்தக் குட்டியும் மாமா பக்கம் போனது. அது அவள் தேர்ந்தெடுத்த நான்கில் ஒன்றா என்று அவளுக்கும் தெரியாது. போகிறபோது மாமா, கொஞ்சம் இளகி, "எங்க வீட்டு மாட்டுக்கும் ஒரு சேல முந்தி நெய்ஞ்சு குடு ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பள்ளி விட்டதும் நாங்கள் டியூஷனுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை. "வெவரம் தெரியாதவகிட்ட வீட்டையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போக முடியுமா" என்று மாமாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அடுப்படியில் இருந்த சித்திக்கும் கேட்டிருக்கும். தெருவில் அவளுக்குப் 'பூவாட்டுக்காரி' என்று பெயர் ஏற்பட்டது. சாயம் லேசில் போகாது. முடி வளர்ந்து உதிரும்வரை எட்டுக் குட்டிகளும் பூவோடுதான் மேய்ந்தன, எதிரே வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். பூ போன பிறகும் பெயர் போகவில்லை. சித்தி பிற்பாடு ஆடு வளர்ப்பில் அம்மாவைவிடக் கைதேர்ந்தவள் ஆனாள். ஆனாலும் ஏதாவது யோசனை சொன்னால், "பூவாட்டுக்காரி சொல்லுதா, கேட்டுக்கிருங்க" என்று ஒரு சிரிப்பு எழும். அம்மாவின் நான்கு குட்டிகள் பெருகத்தான் செய்தன. இரண்டு ஆண்டு கழித்து அவள் ஆலையை விட்டு நின்றாள். இதனால் பெரிய நட்டம் யாருக்கும் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நட்டம் யாருக்கு என்பதை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் வந்த சமாதானம் அது.

இப்போது சித்திக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பக்கத்திலேயே தனி வீடு. அந்தப் பிள்ளை சுவரிலும் தரையிலும் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பாள். வர்ணம் கேட்டால் சித்தி, "எனக்குத் தெரியாது, அக்காகிட்டக் கேளு" என்று என்னிடம் அனுப்பிவிடுவாள். வெண்டைக்காய்ப் பூவை அவளுக்கு ஒரு நாளும் காட்டியதில்லை. கொட்டாங்குச்சியை நான் எடுத்த அன்று, அந்தப் பிள்ளை என் பின்னால் நின்றாள். அம்மா அந்த வாரம் சந்தையில் வாங்கிய வெள்ளைக் குட்டி, கழுத்தில் காவி வளையத்தோடு, தொழுவத்தில் கட்டியிருந்தது. "அதுல வரையலாமாக்கா? ஏச மாட்டாகளா?" என்று கேட்டாள்.

சித்தி அங்கேயே உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையிடம்தான் சொன்னேன். அடையாளம் என்றால் என்ன, அதை அழிக்கக் கூடாது என்பது ஏன் என்று சொன்னேன். பிறகு, "நான் ஒன்ன மாதிரி இருக்கையிலேயே எனக்கு இது தெரியும். தெரிஞ்சேதான் ஒங்க அம்மாகிட்ட ஏச மாட்டாகன்னு சொன்னேன். காவி ஒழுகும்போதும் பாத்துக்கிட்டேதான் நின்னேன்" என்றேன்.

கடலை உடைபடும் சத்தம் நின்றது.

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சித்தி."

இரண்டு மூன்று கடலை உடைந்தது. "நாங்கூட, பச்சப் பிள்ள, அதுக்கென்ன தெரியும்னு இத்தன வருசமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னைக்கு யாரு செஞ்சதுன்னு கேட்டது ஒங்க அம்மா. அவுக மேய்ச்சல்ல இருந்து வரட்டும். அவுககிட்டச் சொல்லு."

அம்மா வந்தாள். தொழுவத்து வாசலிலேயே, சித்தியும் பிள்ளையும் கேட்கச் சொன்னேன். அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தண்ணீர்ச் செம்பை வாங்கிக் குடித்தாள். சித்தியை ஒருமுறை பார்த்தாள், சித்தி முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா உள்ளே போய் வெள்ளைக்குட்டியை அவிழ்த்து, கயிற்றைச் சித்தியின் கையில் கொடுத்தாள்.

"இந்தா. கழுத்தக் கழுவிராத. அத விட்டுட்டு மத்த எடத்துல போட்டுக்கங்க. நாளையில இருந்து மேய்ச்சலுக்குப் போகையில பிள்ளைகள நீ பாத்துக்க, ஆட்ட நான் பாத்துக்கிறேன்."

அவள் சொன்ன 'பிள்ளைகள்', சித்தியின் சொந்த மகளும் இருபத்தொரு வயதான நானும்தான். சித்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் எடுத்தாள். முதலில் என் கையிலிருந்த கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஊற்றினாள். பச்சைப் படலம் ஓரத்தில் இளகி, கோடு கோடாகச் சிவந்து பரவியது. "வெண்டக்கா இருக்கா பாரு" என்று மகளை உள்ளே அனுப்பினாள். பிறகு சோப்பைக் கரைத்துக் குட்டியைக் குளிப்பாட்டத் தொடங்கினாள். அவளுடைய ஒரு கை முதுகையும் விலாவையும் தேய்த்தது; மற்றக் கை, ஒரு துளி தண்ணீரும் ஏறாதபடி, காவி வளையத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது.