ஜானவாசத்துக்கு ஓர் ஆட்ட மெட்டு

பாண்டு செட்டில் ஊதிப் பிழைக்கிறவனுக்கு உதடு வீங்குவது சகஜம். சொந்தமாக மெட்டுப் போடும் ஆசை வந்தால் தலையும் வீங்கிவிடும். சாந்தோமில் கார்னெட் ஊதும் எனக்கு இரண்டும் உண்டு. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் வாய் யாரையாவது போலப் பேசும். கல்யாண ஊர்வலத்தில் எத்தனை நாள்தான் தூங்கி வழிகிற மார்ச்சையே ஊதுவது? ஆடவைக்கிற மாதிரி ஒன்று போட்டேன். மாஸ்டர் அந்தோணி சொல்லிவிட்டார்: "மயிலாப்பூர் ஜானவாசத்துல ஒரே ஒரு தரம். கல்யாண வீட்டுக்காரங்க மூஞ்சி சுளிச்சா உன் மெட்டுக்கு அன்னிக்கே அடக்கம்." ஊதி அவதிப்பட்டவர்களே, மேலே கேளுங்கள்.

மூச்சு

மெட்டு முழுவதையும் வாயாலேயே போட்டேன். டிராம்போனுக்கு மாஸ்டர் திட்டும்போது இழுக்கிற இழுப்பு. யூபோனியத்துக்கு அதை ஊதும் சவரிமுத்து அண்ணனின் குறட்டை. குரல் மாற்றும்போதெல்லாம் நான் மூச்சு வாங்கிக்கொண்டேன். எல்லாரும் சேர்ந்து ஊதியபோது அந்த இடைவெளியே இல்லை! முதல் ஒத்திகையில் அண்ணனின் முகம் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது; டிரம்மின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னா நைனா, ஆட்றதுக்குப் போட்டியா, என்னைத் தூக்கினு போறதுக்குப் போட்டியா?"

மீன்காரம்மா

மூச்சுக்கு இடம் விட்டுக் கடற்கரையில் மறுபடி ஒத்திகை. நடுவே கார்னெட் ஏறி இறங்கும் இடம், சத்தியமாக, எங்கள் தெருவில் மீன் விற்கும் ராக்கம்மாவின் கூவல். கூடையோடு அவளே வந்து நின்றாள். ஓடலாமா என்று கால் துடித்தது. இன்னும் வேகமாக ஊதினேன். இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "இன்னாடா, என் தொண்டய எட்த்துக்கினு போய் பித்தளைக்குள்ள வச்சிக்கினு கீற? சரி, நல்லா சத்தமா ஊது. நாலு பேர் வாங்குவான்!"

ஊர்வலம்

திறந்த காரில் மாப்பிள்ளை, சுற்றிலும் கேஸ் லைட். மாட வீதியில் கார் ஊர்ந்து வர, பாண்டு முன்னால். என் மெட்டைத் தொடங்கச் சொல்லி மாஸ்டர் கை காட்டினார். மார்ச்சுக்குப் பழகிய கால் ஆயிற்றே, மெட்டு எந்த வேகமோ அந்த வேகத்தில்தான் நடக்கும். மூலை திரும்பி அடுத்த வீதிக்கே போய்விட்டோம். பின்னால் கார் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பெண்ணின் மாமா வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏன்யா, ஜானவாசம் மாப்பிள்ளைக்கா, உங்களுக்கா? நிறுத்துங்கோ இந்தக் கூத்தை!" மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையிலேயே மெட்டுக்குக் குழி வெட்டியாயிற்று.

அதற்குள் மூலையில், மாலையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மாப்பிள்ளையே ஓட்டமும் நடையுமாக வந்தார். "உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு. மாமா, நீங்க போய் கார்ல ஏறிக்கோங்கோ. மாஸ்டர், அதை முதல்லேர்ந்து ஊதுங்கோ!"

ஆகவே, என் போன்ற துரதிர்ஷ்டசாலிகளே, ஆட்ட மெட்டு போட்டீர்களானால், மாமாக்களைக் காரில் ஏற்றிவிட்டே ஆரம்பியுங்கள்.