கோத்தகிரி இறக்கத்தில் முன் சீட்டில் இருந்தவர்

பேய், ஆவி எதையும் நான் நம்புகிறவன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன், வண்டியைக் கண்ணால் பார்க்காமல் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் நீங்கள் சந்தேகப்பட்டால் தப்பாக நினைக்க மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

பிரான்சில் வேலை பார்க்கும் மகன், மொனாக்கோவில் கார் பந்தயம் பார்க்கலாம் வாருங்கள் என்று டிக்கெட் எடுத்து அனுப்பினான். மனைவி சரோஜா வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் அவள் தங்கை மகளுக்கு அதே ஞாயிற்றுக்கிழமை இரவு நிச்சயதார்த்தம்.

"கார் ஓடறதைப் பார்க்க ஏரோப்ளேன்ல போகோணுமாக்கும்? நம்மூட்டு வாசல்ல நின்னா தெரியாதுங்களா?" என்றாள்.

மொனாக்கோ அழகுதான், மறுப்பதற்கில்லை. எங்கள் கோத்தகிரியைக் கடலோரமாக இறக்கி வைத்து, ஏழைகளை அப்புறப்படுத்தினால் இப்படித்தான் இருக்கும். பைக்காரா ஏரியில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறவே விடமாட்டார்கள், இங்கே கப்பல் விளிம்பில் மதுக் கோப்பையோடு ஆடுகிறார்கள். பந்தயம் நடப்பது ஊர்ச் சாலையிலேயே. எங்கள் இருக்கை ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு எதிரில். வந்த காரில் ஒன்றுக்கும் ஹார்ன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. ஒன்றையும் நான் பாஸ் செய்திருக்க மாட்டேன் என்று மகனிடம் சொன்னேன்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது ரிட்டயர்டா இருங்க" என்றான்.

பந்தயம் பாதி ஓடியிருக்கும். நல்ல வெயில். திடீரென்று பிரேக் லைனிங் கருகுகிற வாடை. பந்தயக் காரின் வாடை அல்ல, மலையிறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வருகிறவனின் வாடை. அது எனக்கு நன்றாகத் தெரியும். கூடவே யூகலிப்டஸ் வாசம், சட்டைக்குள் மூடுபனிக் குளிர். நான் எழுந்து நின்று கையைக் காட்டி யாரையோ நிறுத்தினேனாம், பின்னால் இருந்தவர்கள் கத்த, மகன் பிடித்து உட்கார வைத்தானாம். அதன்பின் பந்தயம் முடியும் வரை கண்ணைத் திறந்தபடி, வலது காலை ஊன்றிக்கொண்டு அசையாமல் இருந்தேன் என்கிறான். எனக்கு எதுவும் நினைவில்லை. தூங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், போன் வரும் வரை நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, டீ சொல்லிட்டு எங்க போனீங்க? ஆறுதுங்க."

"எந்த டீ? நான் மொனாக்கோவுல இருக்கேன் சரோஜா."

"வெளையாடாதீங்க. சொல்லாம கொள்ளாம வந்து, இத்தன தூரம் முன் சீட்டுல உக்காந்து வந்துட்டு."

அவளை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போன டாக்ஸி டிரைவர் போனை வாங்கினார். கோயமுத்தூர்க்காரர், மலைக்குப் புதிது, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கியிருக்கிறார்.

"பெடல் அடி வரைக்கும் போயிருச்சுங்க சார். அடுத்த வளைவுல தடுப்புச் சுவரே இல்லீங்க. நடு ரோட்டுல நின்னு கையைக் காட்டினீங்க, 'செகண்ட் கீருக்கு இறக்கு, மண் திட்டுல சாத்து'ன்னு சத்தம் போட்டீங்க. பிரேக் ஆறற வரைக்கும் நிக்க வெச்சு, முன் சீட்டுல ஏறி, ஃபர்ஸ்ட் கீர்லயே ஓட்டச் சொல்லி கீழ கொண்டாந்து விட்டதும் நீங்கதானுங்களே."

அவர்கள் நின்றிருந்த அடிவாரத்து டீக்கடைக்காரரும் போனில் என்னைப் பார்த்ததாகத்தான் சொன்னார். மூன்று டீ, ஒன்று சர்க்கரை இல்லாமல் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. சரோஜாவுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படித் தெரியும்?

ஊர் திரும்பியதும் விபத்து விசாரணை முறைப்படி மனைவியையும் டிரைவரையும் தனித்தனியாக விசாரித்தேன். இருவர் சொல்லும் மாறவில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையைக் காட்டினால் சரோஜா சிரிக்கிறாள். யாரோ என் ஜாடையில் ஒருவர், நல்ல மனிதர், என்று விசாரணைக் கோப்பை மூடிவிடத் தயாராகத்தான் இருந்தேன்.

ஆனால் வழி நெடுக அவள் பின் சீட்டிலிருந்து தணிந்த குரலில் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள், கொஞ்சம் அழுதும் இருக்கிறாள். குடும்ப விஷயம் என்று டிரைவர் காது கொடுக்கவில்லை. அன்று என்ன சொன்னாய் என்று இதுவரை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

"ஒருக்கா சொன்னதே பெருசுங்க, மறுக்கா என்னால ஆகாது" என்கிறாள். "நீங்களுந்தான் சரின்னுட்டீங்களே."