எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து நாற்காலி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவுக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. அதில் உட்கார வேண்டும் என்பதைத் தவிரச் சின்ன வயதில் எனக்கு வேறு ஆசையே கிடையாது. நான் வாத்தியார்ப் பயிற்சியை முடித்து வந்த வருஷம் அந்த நாற்காலி காலியாயிற்று. எனக்காகவே காலியானது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் ஊர் நிலைமை பெரிய வேடிக்கை. தெருவில் நாலு எழுத்துப் படித்த பையன்களெல்லாம் தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கடைகளிலும் சர்க்கார் கச்சேரிகளிலும் கணக்கு எழுதியவர்களோ மதுரையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்தவர்கள். ஏன் என்று கேட்டால், "உள்ளூர்க்காரன் கல்யாண வீடு, எழவு விழுந்த துட்டி வீடுன்னு ஓடிருவான். வெளியூர்க்காரன் எங்கன போவான்?" என்பார்கள். கொழும்பு முதலாளிகளும் இதையே சொல்லித்தான் எங்கள் பையன்களை எடுத்தார்களாம். என் அண்ணன் மட்டும் யார் யார் காலையோ பிடித்து உள்ளூர்க் கச்சேரியில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடங்களுக்கு மேலதிகாரியாக இருந்த மிஸ்ஸியம்மா வெள்ளைக்காரர். வேதப் புத்தகத்தில் வருகிற தமிழைத்தான் பேசுவார். நாற்காலியைத் தருவதற்கு முன் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார். நான் தாமிரபரணியை எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் மலையை வரைந்து, ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த என் சித்தி மகள் கையைத் தூக்கினாள்.

"அக்கா, ஒங்க வீட்டுல வாங்குன சல்லடைய எங்கம்மா திருப்பித் தரச் சொன்னா."

வகுப்பே சிரித்தது. நான் அதட்டினேன். "அக்கா கோவப்படுதா பாரு" என்று இன்னும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. எனக்குப் பெரியப்பா முறை.

"ஏட்டி, ஒங்கம்மா வீட்டுல இருக்காளா? சாளை மீனு நல்லா வந்திருக்கு. வெரசா வந்து வாங்கச் சொல்லு."

"பாடம் நடக்குது பெரியப்பா!"

"நடக்கட்டும், நடக்கட்டும். நீ போய்ச் சொல்லிட்டு வந்து நடத்து."

மிஸ்ஸியம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மகளே, உனக்கு அறிவு உண்டு. ஆனாலும் உன் ஊரில் ஒருவரும் உனக்குப் பயப்படமாட்டார்கள். நாம் இங்கே அந்நிய ஊராளை வைப்போம்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பெரியப்பாவோடு ஒரு மாதம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்நிய ஊராள் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தாள். என் வயதுதான். தங்க வேறு இடமில்லையென்று எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து விட்டார்கள். என் கட்டில் அவளுக்கு, சாப்பாட்டுக்கு என் பலகையும் அவளுக்கு. நான் எங்கே போவது என்று கேட்டபோது, மிஸ்ஸியம்மா கொஞ்சமும் யோசிக்காமல் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே என்னை அனுப்பினார். அங்கே நான் தங்கியது அவள் அம்மாவின் வீட்டில்.

செம்மணல் மேடுகளான தேரியும் பனையுமாக இருந்த அந்த ஊரில் எனக்குச் சித்தி மகளும் கிடையாது, பெரியப்பாவும் கிடையாது. நான் முறைத்தால் வகுப்பு மூச்சு விடாது. பதநீர் காய்ச்சுகிற பெண்கள்கூட என்னைக் கண்டால் அகப்பையை வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். மிஸ்ஸியம்மா சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த மரியாதை ருசியாகத்தான் இருந்தது. இருந்து என்ன? ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் தெரு நாற்காலி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவளுடைய அண்ணன் கருப்பட்டி வியாபாரி. பாளையங்கோட்டைக்கு அடிக்கடி வண்டி கட்டிப் போவார். போகும்போது அவள் அம்மா அவளுக்குக் கருப்பட்டிப் பணியாரம் கொடுத்தனுப்புவார். வரும்போது என் அம்மா எனக்கு முறுக்குக் கொடுத்தனுப்புவாள். "ஒங்கம்மாட்ட என்ன சொல்லணும்?" என்று கிளம்பும்போது அவர் வாசலில் நின்று கேட்பார். "அந்த நாற்காலிய விட்டு ஒங்க தங்கச்சி எப்பம் எழுந்திருப்பான்னு கேட்டுட்டு வாங்க" என்பேன். அவர் சிரிப்பார். சில நாளில் அந்தச் சிரிப்புக்காகவே கேட்க ஆரம்பித்தேன். அவர் கொண்டுவந்த செய்திகளில், இருட்டின பிறகே வீடு திரும்புகிற என் அண்ணன் இப்போதெல்லாம் பொழுது சாயுமுன்னே வந்துவிடுகிறான் என்பதும் ஒன்று.

அப்புறம் நடந்ததை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. இரண்டு அம்மாக்களும் பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று முடித்தார்கள். ஒரே கோயிலில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். என் அண்ணனைக் கட்டி அவள் எனக்கு மைனியானாள், அவள் அண்ணனைக் கட்டி நான் அவளுக்கு மைனியானேன். மிஸ்ஸியம்மாவும் வந்து, இலையில் உட்கார்ந்து, ரசத்தோடு போராடிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்துத்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. மைனியையும் என்னையும் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டார். "இவள் இப்பொழுது இந்தத் தெருவின் மருமகள். இவளுக்கு இங்கே உறவு உண்டாயிற்று. நீயோ உடன்குடிக்காரி. ஆகையால் நீ இங்கே வா, இவள் அங்கே போகட்டும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாற்காலி! வண்டி ஓட்டி வந்து வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஒனக்கு ஆசைன்னா இரு. நான்தான் வண்டியில வந்து போறனே" என்றார். மைனி முகம் மட்டும் சுண்டிப்போயிற்று. அதைப் பார்க்காதவள்போல அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. "கட்டிக் குடுத்த பிள்ளை மூணு மாசத்துல தாய் வீட்டுல வந்து உக்காந்தா, தெருவே துட்டி கேக்க வந்துரும். பள்ளிக்கூடத்துக்காகன்னு நான் எத்தன பேருக்குச் சொல்லுவேன்?"

"எனக்கு அந்த நாற்காலி வேணும்மா."

"எனக்கு என் மருமவ வேணும்" என்றாள்.

அத்தோடு விடவில்லை. கையைக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு பங்களாவுக்கே புறப்பட்டுவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். என் கண்முன்னால்தான் கேட்டாள்.

"அம்மா, நீங்க வச்ச சட்டம் நல்ல சட்டம். இந்தத் தெருவுல திரும்பின பக்கமெல்லாம் என் மவளுக்குச் சொந்தம். என் மருமவளுக்கு என்ன விட்டா ஆரு இருக்கா? இதுல ஆரு அந்நிய ஊராளு? நீங்களே சொல்லுங்க."

மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாள் சொல்லுகிறது நியாயமாயிருக்கிறது. அவரவர் இருக்கிற இடத்திலேயே இருங்கள். இந்தச் சட்டத்தை இனி ஒருவரும் என்னிடத்தில் பேசவேண்டாம்" என்றார்.

பெற்றவளே என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று கொதித்தேன். அன்று மத்தியானம் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். சாளைக் குழம்பு என்பதால் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

சாயந்திரம் வண்டி கட்டினோம். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? "நாற்காலியில சாய்ஞ்சு உக்காராத மைனி, பிரம்பு விட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். அம்மா முறுக்குப் பானையை வண்டியில் வைத்துவிட்டு, மாட்டின் முதுகைத் தடவினாள். எனக்கோ அவளோடு பேச மனமில்லை. வேறு பேச்சு கிடைக்காமல் அவள் கேட்டாள்:

"ஒங்க ஊருப் பக்கம் மழை உண்டா?"

வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் நாங்கள் கேட்கிற கேள்வி அது. சுருக்கென்றது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"எங்க ஊருப் பக்கம் இன்னும் பெய்யலம்மா."

வண்டியின் முன்னால் இருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறந்தான் என் வாயில் வந்தது எனக்கே கேட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.