மழைக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்

"பொறப்பட்டாச்சுங்க, வந்துட்டே இருக்கனுங்க" என்று செல்போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார் பூபாலன். இன்னொரு கையில் பாதி டீ இருக்கிறது. லாரியோ அவிநாசிபாளையத்துக் கிணற்றடியில் இன்னும் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் சொல்வது பொய் என்று கேட்பவருக்கும் தெரியும். தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையாவது வந்து சேரட்டுமே என்பது பூபாலன் கட்சி.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே தண்ணீர் லாரிதான் ஓட்டுகிறார். டேங்கின் பின்புற வால்வு ஒழுகும். கம்பெனிகளில் கழித்துப் போட்ட பனியன் துணியை அதில் சுற்றிச் சுற்றிக் கட்டியே, வால்வு ஒரு குழந்தையின் தலை அளவுக்கு ஆகிவிட்டது. சொட்டுத் தண்ணீர் ரோட்டில் விழுந்தால் அவருக்கு ஆகாது. ஆனால் அவர் வீட்டுக் குடம் என்னவோ காலிதான். "ஊருக்கெல்லாம் ஊத்துறீங்க, ஊட்டுக்கு வந்தா கைய விரிக்கிறீங்க" என்று மனைவி சாரதாமணி சொல்லும்போது சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நலம் விசாரித்தால், "முதுகு போச்சுங்க, கண்ணு போச்சுங்க. தண்ணி மட்டும் போய்ச் சேந்துருதுங்க" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் லோடு திருப்பூர் மண்ணரை லைன் வீடுகளுக்கு. அங்கிருப்பவர்கள் எல்லாம் பனியன் கம்பெனி ஆட்கள். வாரம் முழுக்கப் பஞ்சுத் தூசியில் வேலை. தலைக்குக் குளிப்பதும் துணி துவைப்பதும் அந்த ஒரு நாளில்தான். செக்கிங் வேலைக்குப் போகும் வேலாத்தாள் விடியற்காலையிலேயே குடங்களை வரிசை வைத்துவிட்டுப் போன் போடுவாள். பூபாலனுக்கு அக்கா முறை இல்லை, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருடம் மே மாதத்தில் ரெயின் மேளா வந்தது. சேலத்தில் ஆடி, ஈரோட்டில் ஆடி, திருப்பூருக்கு வந்து சேர்ந்த பாட்டுத் திருவிழா. மைதானத்தின் மேலே இரும்புச் சட்டம் கட்டி, ஓட்டை போட்ட பைப்புகளை ஓட விட்டிருந்தார்கள். பாட்டு முழங்கும்போது மேலிருந்து மழை கொட்டும், கீழே இளவட்டங்கள் நனைந்து ஆடும். மழையே பெய்யாத ஊரில் மழைக்குத் தண்ணீர் வேண்டுமல்லவா? லாரிக்கும் கிணற்றுக்கும் சொந்தக்காரரான ஆத்தப்பன் அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். "ஞாயித்துக்கெழம பூராவும் மேளாவுக்குத்தான். வண்டி வேற பக்கம் திரும்புச்சுன்னு கேள்விப்பட்டன்னா, சாவியக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிரு" என்றார். பூபாலன் "சரிங்க" என்றார். அவர் அறிந்த பதில் அது ஒன்றுதான்.

ஞாயிறு மத்தியானம் வேலாத்தாளின் போன் வந்தபோது, லாரி மேடைக்குப் பின்னால் நின்று மழைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் தம்பி, லோடு எங்கீங்க?"

"வீரபாண்டியில டயரு பஞ்சருங்க அக்கா. பொழுதாயிரும்."

"அதென்னங்க அத்தன சத்தம்?"

"பக்கத்துல கோயில் நோம்பிங்க."

எந்தச் சாமி அப்படிப்பட்ட பாட்டைக் கேட்கும்? ஒரு வாரமாக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அதே பாட்டைப் போட்டு மண்ணரையின் சந்து பொந்தெல்லாம் மேளாவை விளம்பரம் செய்திருந்தது. வேலாத்தாள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடப் பூபாலனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இத்தனை வருடத்தில் அவர் சொன்ன பொய்யெல்லாம் வந்துகொண்டிருக்கும் தண்ணீரைப் பற்றியது. வராத தண்ணீருக்குப் பொய் சொன்னது அன்றுதான். அவருக்குக் கோபம் வரவில்லை, அசதிதான் வந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் மைதான வாசலில் சலசலப்பு. வயர் கூடைகளில் போர்வையும் பாவாடையுமாக லைன் வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். துணி மூட்டையோடு எங்கே என்று காவலாள் மறித்தான். "லேடீசு ஃப்ரீன்னு எழுதியிருக்குதுங்க. துணி கொண்டாரக் கூடாதுன்னு எங்கீங்க எழுதியிருக்குது?" என்று கேட்டுவிட்டு வேலாத்தாள் உள்ளே நடந்தாள். பூபாலன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு லாரிச் சக்கரத்தை ஒட்டி ஒளிந்து உட்கார்ந்தார்.

ஆடுகிறவர்களுக்கு நடுவே போகவில்லை அவர்கள். லாரியை ஒட்டிய ஓரத்தில், கடைசிப் பைப்பின் கீழே, கூடைகளை இறக்கினார்கள். போர்வைக்குச் சோப்புப் போட்டார்கள். பாட்டு அதிர அதிர, அவர்கள் பாட்டுக்குத் துணி கசக்கினார்கள். பிறகு சேலையோடு நின்று தலைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டார்கள். ஆட்டக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மேளா மேனேஜருக்குத்தான் முகம் கறுத்தது.

"டிரைவர், வால்வை மூடுப்பா! இவங்க வெளிய போனாத்தான் தண்ணி."

"சரிங்க" என்று பழக்கத்தில் சொல்லி, உட்கார்ந்தபடியே எட்டிப் பழக்கத்தில் மூடிவிட்டார் பூபாலன். மழை நின்றது. மைதானம் 'ஊ'வென்று கத்தியது. ஓரத்தில், தலையிலிருந்து நுரை வழிந்து முகத்தை மூட, கண்ணைத் திறக்க முடியாமல் வேலாத்தாள் கையை நீட்டித் துழாவினாள்.

"யாருங்க தண்ணிய நிறுத்துனது? கண்ணு எரியுதுங்க சாமி. செத்த வுடுங்க, அலசீட்டுப் போயிர்றோம்."

பூபாலன் சக்கரத்துப் பக்கமிருந்து எழுந்து வால்வின் மேல் கை வைத்தார்.

"தொறந்தா உன் ஓனருக்கு போன் போடுவேன்" என்றார் மேனேஜர்.

"போடுங்க" என்றார் பூபாலன்.

வால்வை முழுக்கத் திருப்பினார். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேலாத்தாள் முகத்தை அலசிக் கண்ணைத் திறக்கும்வரை அவள் எதிரிலேயே நின்றார்.