பையைப் பார்த்துக்கொண்டவர்

சாரல் தொடங்கிவிட்டால் போதும், வெளியூர்ச் சொந்தங்கள் தென்காசியில் இருக்கும் எனக்குப் போன் போட்டு, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்று மட்டும் கேட்பார்கள். அருவிக்கரையில் நான் பார்க்கும் மற்றதையெல்லாம் யாரிடம் சொல்வது? அதற்காகவே ஒரு வலைப்பூ தொடங்கினேன்.

அதில் ஒருநாள், பக்கத்து வீட்டு ராஜம் அக்காவைப் பற்றிப் பெயரை மாற்றி எழுதினேன். விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிவருவார். அவர் மட்டும் குளிக்கவே மாட்டார். தண்ணீர் என்றால் பயம் என்று நானாக எழுதி முடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கையில் போனோடு அக்கா வாசலில் நின்றார்.

"ஏட்டி, இது நாந்தான?"

இனி எழுதவே கூடாது என்று நினைத்தேன்.

"எழுதுனது சரிதான். ஆனா எனக்குப் பயம்னு யாரு சொன்னா? நானும் குளிக்கப் போயிட்டா எல்லாரு பையையும் யாரு பாப்பா?"

அன்றே இருவரும் அருவிக்குப் பஸ் ஏறினோம். பையை நான் வாங்கிக்கொண்டேன். எவ்வளவு கூப்பிட்டும் அக்கா அருவியை விட்டு வெளியே வரவில்லை.

இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றி எழுதுமுன் அவரிடமே கேட்டுவிடுகிறேன். தண்ணி விழுதா என்று யார் கேட்டாலும், "விழுது, வாங்க. பைய நான் பாத்துக்கிடுதேன்" என்கிறேன்.